சட்டத்தில் சங்கம் இருக்கு, மஸ்டரில் நாம இருக்கோமா?

“சங்கம் வெச்சிக்கிறது அரசியல் சட்டம் குடுத்த உரிமை. உங்களை யாரு தடுத்தா?” கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது இப்படிக் கேட்கிற தோழர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள். எதிரி கேட்டால் பதில் சுலபம். நம்ம ஆளே கேட்கும்போதுதான் வயிறு எரிகிறது. சரி, கேள்வியை மதித்தே பேசுவோம்.

சட்டம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையை அடிப்படை உரிமையாகச் சொல்கிறது. அதற்கு முன்பே, வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்துவிட்டது. ஏழு பேர் கையெழுத்துப் போட்டு விதிமுறைகளோடு மனுக் கொடுத்தால் பதிவாளர் பதிவு செய்ய வேண்டும். 2001 திருத்தத்தில் ஒரு முடிச்சைச் சேர்த்தார்கள். ஏழு பேர் போதாது, அந்த இடத்தில் வேலை செய்கிறவர்களில் பத்து சதவீதம் அல்லது நூறு பேர், எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்றார்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டமே போய்விட்டது. தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்துவிட்டது. அதிலும் அதே ஏழு, அதே பத்து சதவீதம். காகிதத்தில் சேரிக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம் என்று எங்கும் எழுதவில்லை. எழுதவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இருந்ததில்லை.

முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்: சங்கத்தைப் பதிவு செய்வது ஒன்று, முதலாளியை அந்தச் சங்கத்தோடு உட்கார்ந்து பேசவைப்பது இன்னொன்று. 1926 சட்டம் முதலாவதைத்தான் கொடுத்தது. பதிவான சங்கத்தோடு நீ பேசித்தான் ஆகவேண்டும் என்று அது முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. 1961-இல் வங்கி ஊழியர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. சங்கம் அமைக்கிற உரிமை அடிப்படை உரிமைதான், ஆனால் கூட்டுப்பேரம் வெற்றிபெறுகிற உரிமையோ வேலைநிறுத்த உரிமையோ அதற்குள் அடங்கவில்லை என்று தீர்ப்பு. அதாவது கல்யாணம் பண்ணிக்கோ, குடித்தனம் பண்ணாதே என்கிற மாதிரி.

இந்த அரைகுறைச் சட்டமும் சும்மா வரவில்லை. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் மில், சூளை மில் தொழிலாளர்களின் ரத்தமும் வியர்வையும் அதில் இருக்கிறது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க.வும் தலைமையில் இருந்தார். 1920-இல் மில் நிர்வாகம் வாடியா மேல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தொழிலாளிகளை ஒப்பந்தத்தை மீறும்படி தூண்டினார்களாம், நஷ்ட ஈடு கொடுக்கணுமாம். நீதிமன்றம் தடையாணை கொடுத்தது. சங்கம் வைத்தால் கடைசிக் காசுவரை உருவிக்கொள்ளலாம் என்று முதலாளிகளுக்கு வழி தெரிந்துபோனது. அதற்குப் பிறகுதான் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்து வருடம் இழுத்து 1926-இல் சட்டமானது. சதி என்றும் ஒப்பந்த மீறல் என்றும் சங்கத்துக்காரன் மேல் வழக்குப் போட முடியாதபடி பாதுகாப்புக் கிடைத்தது அப்போதுதான்.

இந்த வரலாற்றை எல்லாத் தொழிற்சங்கப் புத்தகத்திலும் படிக்கலாம். அடுத்த வருடம் நடந்ததைப் பற்றி அதே புத்தகங்கள் குரலைத் தாழ்த்திப் பேசும். 1921 வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் மில்லுக்குத் திரும்பினார்கள். எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் எரிந்தன. வேலைநிறுத்தம் செய்த சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரு பக்கம், ஆதிதிராவிடர் மறுபக்கம் என்று மாதக்கணக்கில் மோதல். நீதிக்கட்சிப் பெரிய மனிதர்கள் கலவரத்துக்குப் பழியை ஆதிதிராவிடர் மேலேயே போட்டார்கள். 1923-இல் ராஜா அந்தக் கட்சியை விட்டே வெளியேறினார். வரலாறு நமக்குக் கொடுத்த பெயர் என்ன? கருங்காலி.

நான் அந்த வேலைநிறுத்தத்தைக் குறைசொல்லவில்லை. ஒன்றுமட்டும் கேட்கிறேன். ஊரில் காணி இருக்கிறவன், சொந்தக்காரன் வீட்டில் நெல் மூட்டை இருக்கிறவன் நான்கு மாதம் வேலைநிறுத்தத்தில் தாக்குப்பிடிக்கலாம். அன்று கூலி வாங்கி அன்று உலை வைக்கிறவனை, தெருவுக்குள் நுழைந்தால் தீட்டு என்கிற நீ, ‘வர்க்க சகோதரா வா’ என்று கூப்பிட்டால் எந்த நம்பிக்கையில் வருவான்? சங்க உரிமை என்று சட்டம் பேசுவதற்கு ஐந்து வருடம் முன்பே சங்கத்துக்குள் யார் என்கிற கேள்வியைப் புளியந்தோப்பு கேட்டுவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.

பம்பாயில் அதே கேள்வியை அண்ணல் அம்பேத்கர் நேருக்கு நேர் கேட்டார். பஞ்சாலைகளில் நெசவுப் பகுதியில்தான் கூலி அதிகம். அந்தப் பகுதிக்குள் தீண்டப்படாதவனுக்கு இடமில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி எடுக்கவேண்டும், ஒருத்தன் வாய்வைத்ததில் இன்னொருத்தன் எப்படி வாய்வைப்பான் என்றார்கள். சொன்னவன் மில் முதலாளி இல்லை, கூட வேலை செய்கிற தொழிலாளி. 1928 பெரும் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைப் பேச்சுமேசைக்கே கொண்டுவந்தார். ஆனால் அதை வைத்து அவர் வேலைநிறுத்த உரிமையை எதிர்த்தாரா? இல்லை. 1938-இல் பம்பாய் மாகாணக் காங்கிரஸ் அரசு வேலைநிறுத்தத்தை நெரிக்கிற தொழில் தகராறு மசோதா கொண்டுவந்தபோது, அதை அடிமைத்தனம் என்று சபையிலேயே எதிர்த்தார். அந்த வருடம் நவம்பர் 7-ஆம் தேதி சுதந்திரத் தொழிலாளர் கட்சி கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து பொது வேலைநிறுத்தம் நடத்தியது. அதே வருடம் பிப்ரவரியில் மன்மாடு ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில்தான், நமக்குப் பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று எதிரிகள் இரண்டு என்று அவர் சொன்னது. நம்ம ஆட்கள் பலர் முதல் எதிரியை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். இடதுசாரித் தோழர்கள் இரண்டாவதை மட்டும்.

இனி மாணவர்கள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தபோது, 1943 நவம்பர் 13 அன்று தொழிற்சங்கச் சட்டத் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். சாரம் மூன்றே விஷயம்: தகுதியான சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே ஆகவேண்டும். அங்கீகாரம் பெறச் சங்கம் சில நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும். அங்கீகரிக்க மறுக்கிற முதலாளிக்குத் தண்டனை. 1926 சட்டத்தில் விட்டுப்போன பாதியை நிரப்புகிற வேலை இது. அந்த மசோதா இழுபட்டு, 1947-இல் ஜெகஜீவன்ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது சட்டமாகவே நிறைவேறியது. நடைமுறைக்கு வரும் நாள் மட்டும் அறிவிக்கப்படவில்லை. பிறகும் அறிவிக்கப்படவில்லை. ஒரு தலித் கொண்டுவந்து, இன்னொரு தலித்தின் காலத்தில் நிறைவேறிய சட்டம் சட்டப்புத்தகத்தில் பிணமாகக் கிடந்தே செத்தது. மகாராஷ்டிரா 1971-இல் சங்க அங்கீகாரத்துக்குத் தனிச் சட்டம் போட்டுக்கொண்டது. தொழிலாளர் அரசு, ஏழைப் பங்காளர் அரசு என்று மாறிமாறி வந்த தமிழ்நாட்டில் அப்படி ஒன்று வரவே இல்லை.

மில்லுக்கே இந்த கதி என்றால் வயலுக்கு? விவசாயக் கூலிக்கும் ஆலைத் தொழிலாளிக்கு உள்ள அதே சங்க உரிமை உண்டு என்கிற சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 1923-லேயே ஏற்றுக் கையெழுத்திட்டது. நாற்பத்தைந்து வருடம் கழித்து கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25. நாற்பத்து நான்கு பேர், பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம், ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். செய்த குற்றம் என்ன? கூடக் கொஞ்சம் நெல் கேட்டார்கள். செங்கொடியை இறக்கிவிட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்கு அடங்கு என்றபோது மாட்டோம் என்றார்கள். பண்ணையாருக்கும் ஒரு சங்கம் இருந்தது, கவனியுங்கள். அவனுக்குச் சங்கம் வைக்கிற உரிமை எந்தச் சிக்கலும் இல்லாமல் கிடைத்தது. கொலை வழக்கில் பண்ணையார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது.

வெண்மணியைக் கூலிப் போராட்டம் என்று மட்டும் சொல்லிவருகிற தோழர்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். சாதி மட்டும்தான் என்று சொல்கிற நம்மவர்களோடும் ஒத்துப்போக முடியவில்லை. பறையன் கூலி கேட்டால் கோபம். பறையன் சங்கமாகக் கூலி கேட்டால் கொலை. கைகட்டித் தனியாக வந்து கேட்டிருந்தால் ஒரு மரக்கால் நெல் கிடைத்திருக்கலாம். கொடியோடு கேட்டதுதான் பொறுக்கவில்லை. சேரிக்காரன் கூடிப் பேசுவதையே குற்றமாகப் பார்க்கிற மனசு அது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைத் தாமிரபரணிக்குள் விரட்டி அடித்ததும் அந்த மனசுதான். கூலி உயர்வு கேட்டதும், சிறையில் இருந்த தொழிலாளர்களை விடச் சொன்னதும் குற்றம். பதினேழு உயிர்.

இப்போதெல்லாம் யார் சார் எரிக்கிறான் என்பார்கள். ஆமாம், நாகரிகம் வளர்ந்துவிட்டது. 2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொழிலாளர்கள் சங்கம் வைத்தார்கள். பதிவாளர் பதிவு செய்யவில்லை. பெயரில் கம்பெனிப் பெயர் இருக்கிறதாம். ஏற்கெனவே பதிவான இன்னொரு சங்கத்தின் பெயரைப்போல இருக்கக்கூடாது என்றுதான் சட்டம் சொன்னது. கம்பெனிப் பெயர் கூடாது என்று எங்கும் இல்லை. ஒரு பதிவுச் சான்றிதழ் வாங்க 37 நாள் வேலைநிறுத்தம், உயர் நீதிமன்ற வழக்கு, பந்தலைப் பிடுங்கிய போலீஸ். 2025 ஜனவரி 27-இல்தான் பதிவானது. உலகமே பார்க்கிற ஆலையில், படித்த நிரந்தரத் தொழிலாளிக்கே இவ்வளவு.

அப்படியானால் குப்பை அள்ளுகிற அக்காவுக்கு?

எங்கள் வட்டாரத்து நகராட்சி ஒன்றில் இருபத்துமூன்று பெண்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நான் லேபர் ஆபீஸ் படி ஏறியிருக்கிறேன். எல்லோரும் சேரிப் பெண்கள். அதிகாரி நல்ல மனுஷன்தான், உட்காரச் சொன்னார். படிவத்தைப் பார்த்துவிட்டு, “உங்க எம்ப்ளாயர் யாரும்மா?” என்றார். “நகராட்சிதான் சார்” என்றார்கள். “அவங்க மஸ்டர்ல உங்க பேரே இல்லேன்றாங்களே.” ஒரு அக்கா சொன்னாள்: “காலைல ஆறு மணிக்கு அவங்க மேஸ்திரிதான் சார் மஸ்டர் எடுக்கிறாரு. அவங்க வண்டி, அவங்க தொடப்பம், அவங்க குப்பை. எங்க பேரு மட்டும் எப்பிடி சார் அவங்களுது இல்லாமப் போச்சு?” அதிகாரியிடம் பதிலில்லை. காண்ட்ராக்டர் பெயரைப் போட்டோம. மூன்று மாதத்தில் டெண்டர் மாறி காண்ட்ராக்டரும் மாறினான். புதியவன் கையெழுத்துப் போட்ட இருபத்துமூன்று பேரில் ஒன்பது பேரை எடுத்துக்கொள்ளவில்லை. ‘ஆள் குறைப்பு’ என்றான். எந்த ஒன்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் நின்று பேசிய ஒன்பது பேர்.

இதுதான் நம் காலத்து வெண்மணி என்று எழுதிவிட ஆசையாக இருக்கிறது. எழுதமாட்டேன். செத்தவர்களை அப்படிச் சில்லறையாக்கக் கூடாது. ஆனால் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் பெரியது. சங்கம் வைக்காதே என்று யாரும் சொல்வதில்லை. முதலாளியையே மாயமாக்கிவிடுகிறார்கள்.

சென்னையில் என்ன நடந்தது? மாநகராட்சியின் ஐந்தாம் மண்டலம் ராயபுரம், ஆறாம் மண்டலம் திரு.வி.க. நகர். துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுத்தபோது, வருடக்கணக்காக அங்கே வேலை செய்த தொழிலாளர்கள் 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை நடைபாதையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தலித்துகள், அதிலும் பெண்கள். வாழ்வாதாரத் திட்டத்தின் பேரில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். நகரத்தின் மலத்தையும் குப்பையையும் சுமந்தவர்கள், கணக்குப் புத்தகத்தில் மட்டும் தொழிலாளி கிடையாது. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் தூக்கிப்போனது. நடைபாதை பொதுமக்களுக்கு வேண்டுமாம். அந்த நடைபாதையைத் தினம் கூட்டியது யார் என்று கேட்கக்கூடாது.

ஆறாம் மண்டலத்தின் பெயரைத் திரும்பப் படியுங்கள். திரு.வி.க. நகர். புளியந்தோப்பும் பழைய மில் இருந்த இடமும் அந்த மண்டலத்துக்குள்தான் வருகின்றன. இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று பிறந்த மண்ணில், அதன் தலைவர்களில் ஒருவர் பெயரைத் தாங்கிய மண்டலத்தில், நூறு வருடம் கழித்து, எங்கள் முதலாளி யார் என்று கேட்டு சேரிப் பெண்கள் தெருவில் கிடந்தார்கள்.

புதிய சட்டத் தொகுப்பு இதைச் சரிசெய்யும் என்று ஒரு பிரச்சாரம் ஓடுகிறது. அம்பேத்கர் கேட்ட அங்கீகாரம் வந்துவிட்டதாம். உண்மைதான், வந்திருக்கிறது. ஒரே சங்கம் இருந்தால் அதையே பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்க வேண்டும். ஒன்றுக்கு மேல் இருந்தால் 51 சதவீத ஆதரவு உள்ள சங்கம். யாருக்கும் அவ்வளவு இல்லாவிட்டால், இருபது சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்த குழு. சந்தோஷம். ஆனால் எதில் 51 சதவீதம்? அந்த நிறுவனத்தின் மஸ்டர் ரோலில் உள்ள தொழிலாளர்களில்! சுற்றிச்சுற்றி அங்கேயே வந்து நிற்கிறோம், பார்த்தீர்களா? மாநகராட்சி மஸ்டரில் நம் பெயர் இல்லை. காண்ட்ராக்டர் மஸ்டர் அடுத்த டெண்டரில் கிழிந்துபோகும்.

கூடவே வந்த இன்னொரு தொகுப்பைப் பாருங்கள், தொழில் பாதுகாப்பு பற்றியது. மைய வேலைகளில் ஒப்பந்தக் கூலி கூடாது என்று சொல்லிவிட்டு, எவையெல்லாம் மைய வேலை ஆகாது என்று ஒரு பட்டியல் போடுகிறது. அந்த வேலைக்காகவே ஏற்பட்ட நிறுவனமாக இருந்தால் தவிர என்று ஒரு விதிவிலக்கும் உண்டு. பட்டியலில் முதலில் எது தெரியுமா? துப்புரவு. கூட்டுவது, துடைப்பது, எல்லாவகைக் கழிவையும் அள்ளி அகற்றுவது. மனுதர்மம் என்று பெயர் போடாமல் இவ்வளவு நேர்த்தியாக எழுத அதிகாரிகளுக்குத்தான் வரும்.

தண்டனையிலும் தராசு சாய்ந்தே நிற்கிறது. சங்கத்தில் சேர்ந்தால் வேலை போகும் என்று மிரட்டுவது, கைக்கூலிச் சங்கம் உண்டாக்குவது போன்றவை நேர்மையற்ற தொழில் நடத்தை. பழைய தொழில் தகராறு சட்டத்தில் இதற்கு ஆறு மாதம்வரை சிறை போடலாம். எத்தனை முதலாளி உள்ளே போனான் என்று கேட்காதீர்கள், ஆனாலும் சட்டத்தில் சிறை இருந்தது. இப்போது முதல் தடவைக்குப் பத்தாயிரத்திலிருந்து இரண்டு லட்சம்வரை அபராதம் மட்டும். முதல் தடவைக்குச் சிறை என்ற பேச்சே இல்லை. சட்டவிரோத வேலைநிறுத்தம் செய்கிற தொழிலாளிக்கோ அபராதமோடு ஒரு மாதம்வரை சிறையும் உண்டு. வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு எல்லாத் தொழிலுக்கும் கட்டாயம். பாதிப்பேர் ஒரே நாளில் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தம்தான். சங்க உரிமை பற்றிய சர்வதேச உடன்படிக்கைகள் 87, 98 இரண்டையும் இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

அதனால் சட்டம் வேண்டாம், தெருவே போதும் என்று சொல்கிற கட்சி நான் இல்லை. தெருவில் நின்றவனுக்குத்தான் தெரியும் ஒப்புகைச் சீட்டின் அருமை. சங்கம் வைக்கப்போகிற தோழர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது: மனு கொடுத்த அன்றே தேதி போட்டு முத்திரை குத்திய நகல் வாங்குங்கள். அடுத்த நாள் வேலையை விட்டு நிறுத்தினால், சங்கத்துக்காகத்தான் நிறுத்தினான் என்று காட்ட அந்தத் தேதிதான் சாட்சி. நிர்வாகிகள் பட்டியலைக் காண்ட்ராக்டருக்கு மட்டுமல்ல, நகராட்சிக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பாதுகாக்கப்பட்ட தொழிலாளி என்று அங்கீகரிக்கச் சொல்லிக் கேளுங்கள். மொத்தத்தில் ஒரு சதவீதம், குறைந்தது ஐந்து பேருக்கு அது உண்டு. தகராறு நிலுவையில் இருக்கும்போது முன்அனுமதி இல்லாமல் அவர்களை நீக்க முடியாது. காலை மஸ்டரை யார் எடுக்கிறார், லீவு யார் கொடுக்கிறார், வண்டி எண் என்ன என்று தினம் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். படித்த பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. முதலாளி யார் என்று பிறகு நீதிமன்றம் கேட்கும்போது அந்த நோட்டு பேசும்.

இன்னொன்று, வழக்கமான சங்கங்கள் தொடத் தயங்குவது. கிராமத்தில் சங்கம் வைத்த சேரிக்கு ஊர் கூடி வேலை இல்லை என்று சொன்னால் அது வெறும் தொழில் தகராறு இல்லை. 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம். லேபர் ஆபீஸில் ஒரு மனு, காவல் நிலையத்தில் ஒரு புகார் என்று இரண்டும் ஒரே நாளில் போகட்டும். “சாதியைக் கொண்டுவந்து தொழிலாளர் ஒற்றுமையைக் கெடுக்காதீங்க தோழர்” என்று யாராவது சொன்னால், உங்கள் சங்கத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் யார்யார், கொடி கட்டுகிறவர் யார் என்று திருப்பிக் கேளுங்கள்.

அந்த ஒன்பது பேர் வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா பழைய காண்ட்ராக்டர் வருவதில்லை, புதியவன் எனக்குச் சம்பந்தமில்லை என்கிறான். போன மாதம் புதிதாக ஒரு மனு எழுதினோம். முதலாளி பெயர் என்கிற கட்டத்தில் இந்தத் தடவை முதலில் நகராட்சி ஆணையர், அதற்குக் கீழே இரண்டு காண்ட்ராக்டர்கள். கையெழுத்துப் போட நாற்பத்தோரு பேர் வந்தார்கள்.